ஐஎஸ்ஓவைத் திறக்க 2,500 ரூபாவா?

கேள்வி: மகளின் கலியாண வீடியோவை ஸ்டூடியோக்காரர் பென் டிரைவில் தந்தார். உள்ளே ஒரேயொரு ஐஎஸ்ஓ ஃபைல். டீவியில் ஓடவில்லை. திறந்து தர 2,500 ரூபா என்கிறது பக்கத்துக் கடை. கொடுக்கலாமா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: கொடுக்க வேண்டாம் அக்கா. ஒரு டீவீடியில் இருந்தது அத்தனையையும் அப்படியே ஒரு ஃபைலாக்கித் தந்திருக்கிறார், அவ்வளவுதான். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இதைத் திறக்க எந்தச் சொஃப்ட்வெயாரும் வாங்கத் தேவையில்லை. ஃபைலை இரண்டு தரம் கிளிக் செய்தால் கணினியில் புதிதாக ஒரு டீவீடி டிரைவ் தெரியும். பார்த்து முடிந்ததும் ரைட் கிளிக் செய்து இஜெக்ட் கொடுத்தால் போய்விடும். இடையில் வின்ரார் என்ற ஃபைல் சுருக்கும் சொஃப்ட்வெயார் வந்து நின்றால் ரைட் கிளிக், ஓப்பன் வித், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர். விஎல்சி பிளேயர் என்றால் ஐஎஸ்ஓவை நேரடியாகவே ஓட்டும்.

டீவிக்கு எம்பி4 வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் சொஃப்ட்வெயார் மாற்றித் தரும். ஆனால் முதலில் ஸ்டூடியோக்காரரிடமே கேளுங்கள். டீவீடிப் படம் 720க்கு 576 புள்ளிகள்தான். இந்தக் காலத்துக் கமராவில் எடுத்தது அதைவிட எவ்வளவோ தெளிவு. காசு கொடுத்தது அந்தத் தெளிவுக்கும் சேர்த்துத்தானே?

கேள்வி: கூரியர் பில் என்று ஈமெயிலில் ஐஎஸ்ஓ ஃபைல் வந்திருக்கிறது. நான் ஒன்றும் ஓடர் பண்ணவில்லை. திறந்து பார்க்கலாமா?
– மானிப்பாய் வாசகர்

பதில்: ஓடர் பண்ணாத சாமானுக்குப் பில் எதற்கு? அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஒன்லைனில் 2 டீபி பென் டிரைவ் 3,000 ரூபாவுக்கு வாங்கினேன். பழைய சீடிகளை எல்லாம் ஐஎஸ்ஓவாக்கி அதில் போட்டேன். முதலில் போட்டவை திறக்கின்றன, பிறகு போட்டவை பழுதான ஃபைல் என்று வருகின்றன. சீடிகளை எறிந்துவிட்டேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொடிகாமம்

பதில்: ஐயா, உங்களில் பிழை இல்லை. உள்ளே இருப்பது சின்ன சிப். 2 டீபி என்று கணினிக்குப் பொய் சொல்லும்படி அதை மாற்றிவைத்திருக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகு போடுவது எங்கும் பதியாது, கணினியோ கொப்பி முடிந்தது என்று காட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் சொஃப்ட்வெயார் உண்மையான அளவைச் சொல்லிவிடும். திறக்கிறவற்றை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள். மற்றவை திரும்பி வராது; அதற்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விற்றவரை விடாதீர்கள். பில், விளம்பரத்தின் படம், சோதனை முடிவு மூன்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். தொலைபேசி 1977. என் மேசை லாச்சியிலும் 512 ஜீபி என்று எழுதிய ஒன்று கிடக்கிறது. இப்போது கேற் சாவி கோர்க்க உதவுகிறது.

கேள்வி: லப்டொப் மெதுவாக இருக்கிறது என்று கடையில் கொடுத்தேன். 3,500 ரூபாவுக்குப் புது விண்டோஸ் போட்டுத் தந்தார்கள். அன்டிவைரஸை மட்டும் ஓன் பண்ண வேண்டாமாம். ஏன்?
– பல்கலைக்கழக மாணவன், திருநெல்வேலி

பதில்: ஓன் பண்ணினால், லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓடவைக்க அவர்கள் போட்ட கள்ளத் திறப்பை அது பிடித்துவிடும், அதுதான் தம்பி.

இந்த விஷயத்தில் எனக்குக் கனநாள் கோபம். விண்டோஸ் ஐஎஸ்ஓ மைக்ரோசொஃப்டின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. காசு லைசென்ஸுக்குத்தான். அதையும் விண்டோஸுடன் வந்த லப்டொப்புக்கு நீங்கள் வாங்கும்போதே கொடுத்துவிட்டீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அந்த லைசென்ஸ் இலக்கம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைத் திரும்பப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஏற்றுக்கொள்ளும். அதாவது உங்களுக்குச் சொந்தமான நல்ல விண்டோஸை அழித்துவிட்டு, கள்ள விண்டோஸைப் போட்டு, அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்கள். போட்டுத் தரக் கூலி கேட்பது நியாயம், நானும் கொடுப்பேன். வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போவதற்குக் கூலி கேட்பது நியாயமா? அந்த லப்டொப்பில் வங்கி வேலை எதுவும் செய்யாதீர்கள். முக்கியமானவற்றை வெளியே எடுத்துவிட்டு, மைக்ரோசொஃப்ட் ஐஎஸ்ஓவால் புதிதாகப் போடுங்கள். பிறகு பாஸ்வேர்ட்களையும் மாற்றுங்கள்.

கேள்வி: விண்டோஸ் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் கொப்பி பண்ணினேன், பூட் ஆகவில்லை. இன்னொன்று வாங்கினேன், அதிலும் இல்லை. மூன்றாவது வாங்கவா?
– நெல்லியடி

பதில்: இரண்டாவதை வாங்க முன் எழுதியிருக்கலாம். வெறுமனே கொப்பி பண்ணினால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் என்ற இலவசச் சொஃப்ட்வெயாரால் எழுத வேண்டும். 8 ஜீபி போதும். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், அதையும் பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: விண்டோஸில் டிஎம்ஜி ஃபைல் திறக்க 40 டொலருக்குச் சொஃப்ட்வெயார் வாங்கினேன். திறந்தது, ஆனால் உள்ளே இருந்த புரோகிராம் ஓடவில்லை.
– கொக்குவில்

பதில்: டிஎம்ஜி மக் கணினிக்கானது. உள்ளே எட்டிப் பார்க்க 7-ஸிப் என்ற இலவசச் சொஃப்ட்வெயாரே போதும். மக் புரோகிராம் விண்டோஸில் ஓடாது. விற்றவரின் தளத்தில் காசு திருப்பித் தரும் நிபந்தனை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.