பெட்டா மீனுக்குக் கிண்ணம் போதுமா, தொட்டி வேண்டுமா?

கிண்ணத்தில் உயிரோடு கிடக்கும்; நன்றாக இருக்காது. 20 லிட்டர் தொட்டியாவது வேண்டும், மூடியோடு, ஏனென்றால் பெட்டா துள்ளும். மேலே வந்து காற்றை விழுங்கும் மீன் என்பதால் மூடிக்குக் கீழே சில செ.மீ. இடைவெளி விடுங்கள். வெப்பம் 25–27 டிகிரி செல்சியஸ். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் (காற்றுப் பம்பில் ஓடும், பஞ்சு வைத்த வடிகட்டி) காற்றை வால்வில் குறைத்து வையுங்கள். நீரோட்டம் வேகமானால் நீளத் துடுப்புள்ள மீன் களைத்துவிடும்.

புதுத் தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவால். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர நாளாகும். குளோரின் நீக்கிய தண்ணீரில் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, மீன் இல்லாமலே 4–6 வாரம் விடுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறதா? அப்போது மீனை விடலாம். (பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள்.)

பிறகு வாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரினில் பாக்டீரியா செத்துவிடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தெடுங்கள்.