பாதிப் பேர் வராவிட்டால் பொதுவாக்கெடுப்பு செல்லாதா?

கேள்வி: எங்கள் கல்லூரி மாதிரி நாடாளுமன்றத்துக்காகப் பொதுவாக்கெடுப்பு மசோதா ஒன்றை எழுதுகிறோம். வாக்காளர்களில் பாதிப் பேராவது வாக்களித்தால்தான் முடிவு செல்லும் என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறோம். சரிதானா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்தப் பிரிவை முதலில் எடுத்துவிடுங்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் எதிர்ப்பவர்களுக்கு அதைவிட வசதியான குறுக்குவழி கிடையாது.

இத்தாலியில் ஒரு சட்டத்தை ரத்து செய்யும் வாக்கெடுப்புக்கு இந்த விதி உண்டு. அதனால் எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்று வாக்களிக்கச் சொல்வதைவிட வீட்டிலேயே இருக்கச் சொல்வதுதான் லாபம். எப்போதும் வராத சோம்பேறிகளும் அவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். 1991இல் முன்னாள் பிரதமர் பெத்தினோ க்ராக்ஸி மக்களைக் கடற்கரைக்குப் போகச் சொன்னார்! மக்கள் கேட்கவில்லை, 62 சதவீதத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. 2025 ஜூனில் வந்தது சுமார் 30 சதவீதம்தான். ஐந்து கேள்விகளும் செல்லாமல் போயின. இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு தரப்பு மொத்தமாக ஒதுங்கிவிட்டால், சின்ன ஊரில் யார் சாவடிக்குப் போகிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். அப்புறம் ரகசிய வாக்கு எங்கே?

சரி, மொத்த வாக்காளர்களில் இத்தனை பேர் ‘ஆம்’ சொல்ல வேண்டும் என்று வைக்கலாமா? ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்ற 1979 வாக்கெடுப்பில் 40 சதவீதம் என்று வைத்தார்கள். வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். மொத்தப் பட்டியலில் அது 32.9 சதவீதம்தான். அவர்கள் கேட்ட சட்டமன்றம் அப்போது கிடைக்கவில்லை. பட்டியலைச் சரியாகத் திருத்தாவிட்டால், இறந்துபோனவர்கூட ‘இல்லை’ போட்ட கணக்குதான்.

சாதாரணச் சட்டத்துக்கு வெறும் பெரும்பான்மை போதும். அரசியலமைப்பைத் திருத்துவதென்றால் சுவிட்சர்லாந்து போல மக்களிலும் மாநிலங்களிலும் பெரும்பான்மை கேளுங்கள். ஆஸ்திரேலியாவிலும் இதே முறைதான். இதுவரை வைத்த 45 கேள்விகளில் 8 மட்டுமே தேறின. அந்தக் கடினம் உங்களுக்குச் சம்மதமா என்று பேசி முடிவெடுங்கள்.

கேள்வியின் வாசகத்தை அரசிடம் விடாதீர்கள். 2014 ஸ்காட்லாந்து வாக்கெடுப்புக்கு, சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்றுதான் முதலில் எழுதினார்கள். அந்தச் சொல் ‘ஆம்’ பக்கம் சாய்க்கிறது என்று தேர்தல் ஆணையம் சோதித்துப் பார்த்துச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள்.

எதை வாக்கெடுப்புக்கு விடவே கூடாது என்றும் ஒரு பிரிவு வேண்டும். இலங்கையில் 1982 டிசம்பரில், பொதுத்தேர்தலே நடத்தாமல், அப்போதிருந்த நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு ஆண்டு நீட்டிக்கலாமா என்று கேட்டார்கள், அதுவும் அவசரநிலையில். சுமார் 54.7 சதவீதம் ‘ஆம்’. தன் பதவிக்காலத்தைத் தானே நீட்டிக்கக் கேட்கும் உரிமை எந்த அரசுக்கும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

கடைசியாக, நீதிமன்றம். சுவிட்சர்லாந்தில் தம்பதியர் வரி பற்றிய 2016 வாக்கெடுப்பில் திருமணமானதாலேயே கூடுதல் வரி கட்டும் ஜோடிகள் 80,000 என்று அரசு சொன்னது. உண்மையில் நாலரை லட்சம். உச்ச நீதிமன்றம் முடிவையே ரத்து செய்தது, ஆனால் 2019இல். வழக்குப் போடவும் தீர்ப்புச் சொல்லவும் எத்தனை நாள் என்பதை மசோதாவிலேயே எழுதிவிடுங்கள்.