ஏழு நாளில் எத்தனை தீவு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிரீஸில் எங்களுக்கு ஏழு நாள்தான் இருக்கிறது. மைக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சான்டோரினி நான்கையும் பார்த்துவிடலாமா?

பதில்: பார்க்கலாம், பெரும்பாலும் ஃபெர்ரியின் ஜன்னல் வழியாக. ஏதென்ஸை ஒட்டிய பைரியஸ் துறைமுகத்திலிருந்து சாதாரண ஃபெர்ரியில் பாரோஸ் போக நாலரை மணி நேரம், நாக்ஸோஸுக்கு ஐந்தரை, சான்டோரினிக்கு ஏழரை முதல் எட்டு மணி நேரம் ஆகும். தீவுக்குத் தீவு தூரம் குறைவுதான். ஆனால் காலையில் ரூமைக் காலி செய்து, பெட்டியோடு துறைமுகத்தில் காத்திருந்து, அடுத்த ஊரில் ரூம் சாவி கைக்கு வருவதற்குள் பாதி நாள் போயிருக்கும். நான்கு தீவு என்றால் இப்படி நான்கு பாதி நாள்.

இரண்டு தீவு போதும். நாக்ஸோஸில் மூன்று இரவு, சான்டோரினியில் இரண்டு, கடைசி இரவு ஏதென்ஸில். நாக்ஸோஸில் ரூம் மலிவு, கடற்கரை மணலும் நல்ல மணல். முடிக்கப்படாத அப்பல்லோ கோவிலின் பளிங்கு வாசல் மட்டும் தனியாக நிற்கிறதே, அது துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம். சாயங்காலம் போங்கள்.

கேள்வி: கடைசி இரவை ஏன் ஏதென்ஸில் வீணாக்க வேண்டும்? தீவிலிருந்து நேரே விமான நிலையம் போனால் என்ன?

பதில்: மெல்டெமி என்ற வடகாற்றுதான் காரணம். ஜூலை, ஆகஸ்ட்டில் ஏஜியன் கடலில் நாள்கணக்கில் வீசும். இதில் ஏமாறுவது சுலபம். மேகமே இல்லாத பளீர் நீல வானம், நல்ல வெயில். கப்பல் மட்டும் கிளம்பாது. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் தடை போட்டுவிடுவார்கள். அதிவேகப் படகுகள்தான் முதலில் நிற்கும்; பெரிய ஃபெர்ரிகள் இன்னும் கொஞ்சம் தாங்கும். ரத்தானால் படகுப் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு படகில் இடம் தருவார்கள். தவறவிட்ட விமானத்துக்கு யார் தருவார்கள்?

காற்று வடக்கிலிருந்து வருவதால், அந்த நாள்களில் தெற்கு பார்த்த கடற்கரைகளுக்குப் போனால் மணல் முகத்தில் அடிக்காது. வாந்தி வருகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு அல்ல. இன்னொன்று: ஆகஸ்ட் 15 மாதா திருநாள். நாடே தீவுகளுக்குக் கிளம்பும் அந்த வாரம் கடைசி நேர டிக்கெட்டை நம்பாதீர்கள். தேதியை மாற்ற முடிந்தால் செப்டம்பர் நல்லது. கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

கேள்வி: பைரியஸில் எங்கே ஏறுவது?

பதில்: விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் தடம் நேரே பைரியஸ் வரும்; சுமார் ஒரு மணி நேரம். துறைமுகத்துக்குள் இ1 முதல் இ12 வரை கேட்டுகள். உங்கள் கேட் எது என்பதை முதல் நாளே பார்த்துவையுங்கள், தப்பான முனைக்குப் போய்விட்டால் பெட்டியை இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். உள்ளே இலவச பஸ் உண்டு.

கேள்வி: ரூமுக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. அங்கே போய் வேறு ஏதாவது தர வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் ஆம். 2025 முதல், ஏப்ரல்-அக்டோபர் மாதங்களில் ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு வரி: மூன்று நட்சத்திர ஹோட்டலில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. இதை வரவேற்பறையில் தனியாக வாங்குவார்கள்.

கேள்வி: ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருந்து, அதில் இரு சக்கர வாகனமும் குறிக்கப்பட்டிருந்தால் எடுக்கலாம். அதை உங்கள் நாட்டிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். கார் உரிமத்தைக் காட்டினாலே வண்டி தருகிற கடைகளும் உண்டு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

பதில்: இல்லவே இல்லை. 'லதேரா' என்று கேளுங்கள், எண்ணெயில் வெந்த காய்கறி வகைகள். சான்டோரினியின் 'ஃபாவா' மஞ்சள் பருப்பு மசியல். அரிசி அடைத்த தக்காளி, குடமிளகாய்க்கு 'யெமிஸ்தா' என்று பெயர். சில இடங்களில் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள், 'ஓர்ஃபானா' என்றால் கறி இல்லாதது. 'நிஸ்டீசிமோ' என்ற விரத உணவில் இறைச்சி, முட்டை, பால் கிடையாது, ஆனால் கணவாயும் ஆக்டோபஸும் விரதத்தில் சேர்த்தி. அதனால் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல், கடலில் பிடித்தது எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.