ஒரு சிறப்பாசிரியர் வருவதால் சாதாரண அரசுப் பள்ளியில் உண்மையில் என்ன மாறுகிறது?

ஏற்காடு மலையில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர் எங்களுக்கென்று தனியாகக் கிடையாது. ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்திலிருந்து ஒருவர் வருகிறார். ஒன்றியத்தின் மற்றப் பள்ளிகளும், பள்ளிக்கே வர முடியாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் அவர் பொறுப்பில்தான். வாரத்தில் ஒரு நாள் எங்களுக்குக் கிடைத்தால் பெரிது. அதனால் அவர் வராத நாட்களில் பள்ளி எப்படி நடக்கிறது என்பதை வைத்துத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

ஆறாம் வகுப்பில் காது சரியாகக் கேட்காத மாணவி ஒருத்தி இருக்கிறாள். முகாமில் கொடுத்த காது மெஷினை அவள் போடவே மாட்டாள். பிடிவாதம் என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தார்கள். சிறப்பாசிரியர் மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிள்ளை வளர்ந்துவிட்டாள், காதுக்குள் வைக்கும் அச்சு பழைய அளவிலேயே இருக்கிறது. தளர்ந்து போனதால் 'கீ' என்று இரைகிறது, அவ்வளவுதான். புது அச்சு எடுக்க ஏற்பாடு செய்தார். பிறகு வகுப்புக்கு வந்து நாங்கள் நிற்கும் இடத்தையே மாற்றினார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் எங்கள் முகம் இருட்டாகிவிடும், உதட்டசைவு அவளுக்குத் தெரியாது. "போர்டைப் பார்த்துட்டே பேசாதீங்க சார், எழுதி முடிச்சுத் திரும்பிப் பேசுங்க" என்றார். இன்று எங்கள் பள்ளியில் யாரும் போர்டோடு பேசுவதில்லை. கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கும் பாடம் தெளிவாகக் கேட்கிறது.

சத்துணவுக் கூடத்திலும் அவர் கை இருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பையனுக்குச் சத்துணவு அக்காவே பாசத்தோடு ஊட்டிவிட்டு, தட்டையும் கழுவி வைப்பார். சிறப்பாசிரியர் அதை மெதுவாக நிறுத்தினார். தட்டை எடுப்பது, வரிசையில் நிற்பது, மிச்சத்தைக் கொட்டுவது, குழாயைத் திறப்பது, தேய்ப்பது, கவிழ்த்து வைப்பது என்று வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்தார். கடைசி வேலையை, அதாவது கவிழ்த்து வைப்பதை, முதலில் பழக்கினார். முடித்த திருப்தி பையனுக்கு உடனே கிடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அது பழகியதும் அதற்கு முந்தையது, பிறகு அதற்கும் முந்தையது. இப்போது முழுவதையும் அவனே செய்கிறான். அக்காதான் பக்கத்தில் நின்று, "நானு தொடமாட்டேன், நீயே செய்யி சாமி" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கு வெளியே நடப்பது இதைவிடப் பெரிது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், நவம்பர் டிசம்பர் தொடங்கி, மலைக்கிராமங்களில் அப்பா அம்மா இருவரும் விடியும்போதே எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண் பிள்ளை அந்த மாதங்களில் பாட்டியோடுதான் இருப்பாள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்தே அந்த வீட்டுக்குப் போவார் சிறப்பாசிரியர். படுக்க வைத்தபடி கஞ்சி ஊட்டினால் புரையேறும், நெஞ்சில் சளி கட்டும் என்று சொல்லி, இரண்டு சுவர் சேரும் மூலையில் போர்வையை மடித்துக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைக்கப் பாட்டிக்குக் காட்டினார். பாட்டி அதை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டினார். அந்த ஊரில் இப்போது அந்தப் பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். முன்பு அவளை வெளியே பார்த்தவர்களே குறைவு.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்குவதும் இங்கே லேசான காரியம் இல்லை. சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும், அன்று டாக்டர் இல்லையென்றால் மறுபடி வர வேண்டும். அவர் பிள்ளைகளின் தாள்களை முன்கூட்டியே சேர்த்து, முகாம் நடக்கும் நாளில் எல்லோரையும் ஒன்றாக அழைத்துப் போகிறார். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தகுதியுள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய். கூலிக்குப் போகும் வீட்டில் அந்த 2,000 என்னவென்று எனக்குத் தெரியும்.

இவ்வளவையும் ஒருவர் தலையில் வைத்திருக்கிறோம் என்பதுதான் என் ஆற்றாமை. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. தமிழ்நாட்டில் இந்த வேலையில் பலர் நிரந்தர வேலை இல்லாமல் தொகுப்பூதியத்தில் இருந்து வந்திருக்கிறார்கள். நாளை இவருக்கு வேறு நல்ல வேலை கிடைத்தால் 'போகாதீங்க' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேள்வி கேட்டவர் பெற்றோரோ ஆசிரியரோ தெரியவில்லை. யாராக இருந்தாலும் ஒன்று செய்யலாம். சிறப்பாசிரியர் வரும் நாளில் பிள்ளையை மட்டும் தனி அறைக்கு அனுப்பிவிட்டு வகுப்பு தன் போக்கில் நடந்தால், அவர் சொல்லிக்கொடுத்தது அந்த அறையோடு நின்றுபோகும். வகுப்பாசிரியர் அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச அட்டவணையிலேயே ஒரு பாடவேளை ஒதுக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். எங்கள் பள்ளியில் மேலே சொன்ன மாற்றங்களில் பாதி அந்த அரை மணி நேரத்தில்தான் தொடங்கியது.