கல்லீரலில் இரட்டை நியூக்ளியஸ் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

தாராவியில் இருக்கிறேன். பரேலில் ஒரு லேபில் ஸ்லைடு தயாரிக்கும் வேலை, புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் ஒரு கல்லீரல் பயாப்ஸியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சில செல்களில் இரண்டு நியூக்ளியஸ். சிலவற்றில் ஒன்றுதான், ஆனால் பக்கத்துச் செல்லில் இருப்பதைவிடப் பெரியது. கேன்சர் என்றே நினைத்துவிட்டேன். டாக்டரோ, “நார்மல்தாம்மா, கல்லீரல் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். குரோமோசோம் எண்ணிக்கை கூடினால் கேன்சர் என்றுதானே படித்தோம்? ஊரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் நான் தமிழ் என்று தெரிந்ததும் ரிப்போர்ட்டை நீட்டி “என்னம்மா போட்டிருக்கு?” என்கிறார்கள். எனக்கே குழப்பம்.

செல்வி

அன்புள்ள செல்வி,

டாக்டர் சொன்னது சரிதான். இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருக்கலாம்.

நம் செல்களில் பெரும்பாலானவற்றில் நியூக்ளியஸுக்குள், மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள் 23 கொண்ட செட் இரண்டு, ஆக 46. பிரிவதற்கு முன் செல் இவை எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்ளும். கல்லீரல் செல் சில சமயம் நகலெடுத்து, நியூக்ளியஸையும் இரண்டாக்கிவிட்டு, தான் மட்டும் பிரியாமல் இருந்துவிடும். நீங்கள் பார்த்த இரட்டை நியூக்ளியஸ் அதுதான். அதே செல் அடுத்த முறை பிரியக் கிளம்பும்போது இரண்டு நியூக்ளியஸின் குரோமோசோம்களும் கலந்துவிட்டால், 4 செட் கொண்ட பெரிய நியூக்ளியஸ்கள் பிறக்கும். உங்களைப் பயமுறுத்திய இன்னொன்று அது. வளர்ந்த எலியின் கல்லீரலில் பெரும்பாலான செல்கள் இந்த வகைதான். மனிதரில் அந்த அளவுக்கு இல்லை.

கல்லீரல் பரவாயில்லை. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்று ஒன்று இருக்கிறது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைத் தயாரிக்கும் செல். அதில் 16 செட் சர்வசாதாரணம், 64 வரைகூடப் போகும். ஒரு செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் பிளேட்லெட் வரவேண்டும் என்றால் அவ்வளவு பெரிய உடம்பு வேண்டும். பிரிந்துகொண்டிருந்தால் வேலை நடக்காது. பழ ஈயின் லார்வாவில் உமிழ்நீர்ச் சுரப்பி செல்கள் ஆயிரம் நகல்வரை சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே நகல் கூடுவதே நோய் என்ற பாடம் பாதிதான்.

அப்புறம் கேன்சரில் என்ன வித்தியாசம்? மெகாகேரியோசைட் நகலைக் கூட்டிக்கொண்டு பிரிவதை நிறுத்திவிடுகிறது. கேன்சர் செல் கூட்டிக்கொண்டும் நிறுத்தாது. சாதாரணமாக 4 செட்டோடு வழிதவறி நிற்கும் செல்லை பி53 என்ற புரதம் மேலே போகவிடாது. அது பழுதானால் செல் மறுபடி பிரியக் கிளம்புகிறது. குரோமோசோம்களை இழுத்துப் பங்குபோடும் மையங்களும் இரட்டித்திருப்பதால் பங்கு தாறுமாறாகிறது; 4 செட்டின் 92 குரோமோசோமிலிருந்து இங்கே நாலு, அங்கே ஏழு என்று தொலைகிறது. பாஸ்டனில் 2005-இல் டேவிட் பெல்மன் குழு, பி53 இல்லாத எலிச் செல்களில் 4 செட் கொண்டவற்றையும் 2 செட் கொண்டவற்றையும் தனித்தனியே எலிகளுக்குள் வைத்தது. 4 செட் செல்கள் மட்டுமே கட்டி ஆயின. மனிதப் புற்றுக்கட்டிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று எப்போதோ மொத்த ஜீனோமையும், அதாவது எல்லாக் குரோமோசோம்களையும், இரட்டித்த அடையாளத்தோடு இருக்கிறது. தாறுமாறான பங்கீட்டிலிருந்து புற்று பிறக்கலாம் என்று ஜெர்மனியின் உயிரியலாளர் தியோடர் போவெரி 1914-லேயே எழுதிவிட்டார். கடல் முள்ளெலியின் முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

கல்லீரலில் இது தலைகீழாகவும் வேலை செய்கிறது. புற்றைத் தடுக்கும் ஜீன் 2 நகல் இருந்தால் இரண்டும் கெட்டால் போதும். 4 இருந்தால் நாலும் கெட வேண்டும். நகல் கூடிய கல்லீரல் உள்ள எலிகளில் கட்டி குறைவாக வந்ததை 2018-இல் காட்டினார்கள். அதிக நகல் அங்கே காப்பு.

குரோமோசோம் செட்டைச் செயற்கையாக இரட்டிக்க உதவும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் நம் செங்காந்தளிலும் இருக்கிறது, மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்களே, அதேதான். குரோமோசோமை இழுக்கும் இழைகள் உருவாகாமல் தடுக்கும். விதையில்லாத் தர்பூசணிக்கு முதல் படி அப்படி இரட்டித்த செடிதான்.

ஸ்லைடுக்கு வருகிறேன். நியூக்ளியஸ் பெரிதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அது பெரிதானால் செல்லும் அதே கணக்கில் பெரிதாகியிருக்கிறதா, விளிம்பு வட்டமாக இருக்கிறதா, செல்கள் ஒழுங்கான வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல கல்லீரலில் பெரும்பாலும் மூன்றுக்கும் ஆமாம். கேன்சரில் நியூக்ளியஸ் செல்லையே அடைத்துக்கொண்டு கோணல்மாணலாக இருப்பதைக் காணலாம். அப்போதும் தீர்ப்பு டாக்டருடையதுதான். ரிப்போர்ட்டை நீட்டும் ஊர்க்காரர்களை அவரிடமே அனுப்பிவிடுங்கள். மஜ்ஜை ஸ்லைடு வரும்போது 10எக்ஸ் லென்ஸிலேயே மெகாகேரியோசைட்டைத் தேடிப் பாருங்கள், கண்ணில் படாமல் போகாது.