இலையில் இடது பாதி அப்படியே இருக்கிறதே, ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. ஏழு வாரத்துக்கு முன்பு மூளையின் வலது பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்தது. இப்போது பெரம்பூர் வீட்டில் இருக்கிறார். நடக்கிறார், தெளிவாகப் பேசுகிறார். ஆனால் இலையில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "அப்பளமே போடலையே" என்று அம்மாவிடம் கோபிக்கிறார். நிலைக்கதவில் இடது தோள் இடித்தபடியே இருக்கிறது. கண்ணில் கோளாறு இல்லை என்கிறார் கண் டாக்டர். இது பிடிவாதமா?

பதில்: பிடிவாதம் இல்லை. பந்தி வழக்கப்படி அப்பளம் இடது கைப் பக்கம்தானே இருந்திருக்கும்? அவருடைய கண்ணுக்கு அது எட்டுகிறது, கவனத்துக்கு எட்டவில்லை. இதை 'நெக்லெக்ட்' என்போம்.

உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கமும் இருக்கும் பகுதி பெரைட்டல் லோப். காபி டம்ளரை எடுக்கக் கை நீட்டும்போது கவனியுங்கள்: விரல்கள் டம்ளரைத் தொடும் முன்பே அதன் அகலத்துக்கு ஏற்ப விரிந்துவிடும். கண் எங்கே பார்க்கிறது, கழுத்து எவ்வளவு திரும்பியிருக்கிறது, கை எங்கே இருக்கிறது எல்லாவற்றையும் சேர்த்து, "டம்ளர் உன் உடம்பிலிருந்து இந்தத் திசையில், இவ்வளவு தூரத்தில்" என்று கணக்குப் போட்டு, அசைவைத் திட்டமிடும் முன்பகுதிக்கு அனுப்புவது இந்த இடம்தான்.

வலது பெரைட்டல் இரண்டு பக்கத்தையும் கவனிக்கும். இடதோ பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும். ஆகவே இடதில் அடிபட்டால் வலது ஓரளவு சமாளிக்கும். வலதில் அடிபட்டால் இடப்பக்கத்துக்குக் காவல் ஆள் இல்லை. 1978-இல் இத்தாலியில் இத்தகைய நோயாளிகளிடம் மிலான் நகரச் சதுக்கத்தில் நிற்பதாகக் கற்பனை செய்து, தெரிவதைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். எதிர்முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், சற்று முன் விட்டுப்போனவை வரிசையாக வந்தன. நினைவு முழுதாகத்தான் இருந்தது. அதிலும் இடது பாதிக்குப் போக முடியவில்லை.

வீட்டிலேயே பாருங்கள். வெள்ளைத்தாளில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கோடு போட்டு, நடுவில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் தள்ளி வைப்பார். பஸ் போர்டில் 'சைதாப்பேட்டை'யை 'பேட்டை' என்று படிப்பவர்களும் உண்டு.

"லெஃப்ட்ல பாருங்கப்பா" என்று நாள் முழுக்கச் சொல்வதில் பலன் குறைவு, சண்டைதான் மிஞ்சும். பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். அந்தச் சிவப்பு தெரிந்த பிறகுதான் ஒவ்வொரு வரியையும் தொடங்க வேண்டும். தட்டின் இடது விளிம்புக்கும் அதே டேப். தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சத்தைச் சாப்பிட்டுவிடுவார். பசிக்கு அது போதும், பயிற்சிக்கு ஆகாது. இடது கை கொஞ்சம் அசைந்தாலும், வேலை செய்யும்போது அந்த விரல்களை மேஜையில் தட்டச் சொல்லுங்கள். சொந்தக் கையின் அசைவே கவனத்தை அந்தப் பக்கம் இழுக்கும். பேரப்பிள்ளைகள் வந்தால் முதலில் வலப்பக்கம் உட்கார்ந்து பேசட்டும்; பேச்சு சூடு பிடித்ததும் மெல்ல இடப்பக்கம் நகரட்டும். தண்ணீர், மாத்திரை, அழைப்பு மணி மட்டும் வலப்பக்கமே இருக்கட்டும். அவசரத்துக்கு உதவுவதை வைத்துப் பயிற்சி வேண்டாம்.

பார்ப்பதைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் பிரிசம் கண்ணாடியை அணிந்து செய்யும் பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை. அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். முதல் மூன்று மாதத்தில் பலருக்கு நல்ல முன்னேற்றம் வரும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அடுப்படியில் தனியாக விடாதீர்கள். தெருவில் இன்னும் கவனம் தேவை. நம் ஊரில் இரு வழிச் சாலையில் இறங்கியதும் வண்டிகள் வலமிருந்து வரும், அதை அவர் பார்ப்பார். நடுவைத் தாண்டியதும் இடமிருந்து வரும். முதல் பாதியை ஒழுங்காகக் கடந்தார் என்று நம்பிக் கையை விட்டுவிடுவது அங்கேதான். அவருடைய இடப்பக்கம் நீங்கள் நடந்து வாருங்கள். ஸ்கூட்டர் சாவியை இப்போதைக்கு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். "எனக்கு ஒண்ணுமில்லை" என்பார். பொய் சொல்லவில்லை, குறை இருப்பதே தெரியாமல் போவதும் பலருக்கு இந்த நோயோடு வரும்.