காலைச் சாப்பாட்டை நிறுத்தினால் கடன் தீருமா?

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்கிறேன். ஒர்க் பெர்மிட். ஓ.டி.யோடு சேர்த்து மாதம் 1,450 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கைக்கு வரும். தங்குவது கம்பெனி டார்மெட்ரியில். கேட்டரிங் சாப்பாட்டுக்கு 150, போன், எம்ஆர்டி ரயில், ஞாயிற்றுக்கிழமை டெக்கா (லிட்டில் இந்தியா) செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு 180. வீட்டுக்கு 700 அனுப்புகிறேன். ஆடி மாதம் ஊரில் எட்டு மொய் விருந்து வந்தது (விருந்து வைப்பவருக்கு மொய் எழுதுவோம், நம் வீட்டு விருந்தில் அவர் திருப்பிச் செய்வார்). அதற்காக இங்கே லைசென்ஸ் உள்ள மணிலெண்டரிடம் (வட்டிக்குக் கடன் கொடுக்கும் கடை) 2,000 வெள்ளி வாங்கினேன். மாதம் 381.50 வீதம் ஆறு தவணை, மூன்று கட்டிவிட்டேன். வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படி வாங்குவது வழக்கமாகிவிட்டது. தை மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றார் அத்தான், போனில் சரி என்று சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாட்டை நிறுத்தினால் மாதம் 50 வெள்ளி மிச்சமாகும். அதில் போன் ஆப் வழியாக டிஜிட்டல் தங்கம் சேர்க்கலாம் என்கிறார் ரூமில் இருக்கும் பையன். செய்யலாமா? வேறு எந்தச் செலவைக் குறைக்கலாம்?
– ஆலங்குடிப் பக்கத்து வாசகர், வயது 29, மனைவி, ஒரு குழந்தை.

பதில்: தம்பி, முதலில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். விடியுமுன் பொட்டலத்தோடு லாரியில் ஏறி, பகலெல்லாம் வெயிலில் கம்பி கட்டுகிறவர் வெறும் வயிற்றோடு சாரத்தில் ஏறக் கூடாது. மயங்கி விழுந்தால் 50 வெள்ளி மிச்சம் எங்கே போய் நிற்கும்? 330 வெள்ளியில் சிங்கப்பூரில் ஒரு மாதத்தை ஓட்டுகிறீர்கள். அதில் குறைக்க ஒன்றும் இல்லை. உங்கள் சாப்பாட்டுக் கணக்கை நான் தொடப்போவதில்லை.

பணம் ஓடுகிற ஓட்டை அந்த மணிலெண்டர் கடன்தான். அதை மட்டும் பார்ப்போம்.

2,000 வெள்ளி கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். கைக்கு எவ்வளவு வந்தது? சிங்கப்பூரில் 2015 அக்டோபரிலிருந்து உள்ள விதிப்படி, லைசென்ஸ் உள்ள கடைக்காரர் மாதம் 4 சதவீதம் வரை வட்டி வாங்கலாம். அதற்கு மேல் கடன் தொகையில் 10 சதவீதம் வரை நிர்வாகக் கட்டணமும் எடுக்கலாம். உங்கள் தவணையைப் பார்த்தால் இரண்டையும் முழுசாக எடுத்திருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் 200 பிடித்தம் போக உங்களுக்கு வந்தது 1,800. ஆறு தவணையில் திருப்பிக் கட்டுவது 2,289. ஆறு மாதத்துக்கு 489 வெள்ளி செலவு. ஒரு வெள்ளிக்கு 68 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 33,000 ரூபாய்க்கு மேல். இதை நம்மூர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் ஏழு வட்டிக்கும் மேலே போகிறது. ஊரில் ஒருவர் ஏழு வட்டி கேட்டால் கந்துவட்டி என்று சண்டைக்குப் போவீர்கள், அதைத் தடுக்க 2003-ல் போட்ட சட்டமும் இருக்கிறது. அங்கே ஏசி போட்ட கடையில் கையெழுத்து வாங்குவதால் அது வட்டி மாதிரியே தெரியவில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை என்றால் 978 வெள்ளி. வருஷமெல்லாம் காலையில் பட்டினி கிடந்தாலும் உங்களுக்கு மிச்சமாவது 600தான்.

இனி அந்தப் பணம் போன இடம். ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தைப் பற்றி நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவும் மாட்டேன். வட்டியில்லாமல் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக் கிணறு வெட்டியவர்களும் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களும் என் கண் முன்னாலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த வழக்கத்தின் உயிரே 'வட்டியில்லாமல்' என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நீங்கள் ஏழு வட்டிக்கு வாங்கி, வட்டியே வராத இடத்தில் போட்டிருக்கிறீர்கள். 1,22,000 ரூபாய் மொய் எழுத 33,000 ரூபாய் கூலி கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டு விருந்து வருகிற வருஷம், அந்த 1,22,000-ல் பழைய மொய்யைத் திருப்பியது போக மீதி திரும்பி வரும். 33,000 எந்த நோட்டிலும் வரவாகாது.

சில வருஷத்துக்கு முன் ஓர் அம்மா தன் வீட்டு மொய் நோட்டை என்னிடம் கொண்டுவந்தார். துணி சுற்றி வைத்திருந்த நீள நோட்டு. மகன் உங்களைப் போலவே வெளிநாட்டில். பக்கம் பக்கமாக உட்கார்ந்து பிரித்தோம். அவர்கள் வீட்டுக்கு வந்த பழைய மொய்யைத் திருப்பிச் செய்தது எவ்வளவு, புதுநடையாக மேலே போட்டது எவ்வளவு என்று இரண்டு வரிசையாக எழுதினோம். ஐயாயிரம் வந்த இடத்தில் பத்தாயிரம், பத்து வந்த இடத்தில் பதினெட்டு. கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் புதுநடை. "வெளிநாட்டுக்காரன் வீடு, கொறச்சு எழுதினா என்ன நெனைப்பாங்க" என்றார் அந்த அம்மா. அவர் மகன் கட்டிய வட்டி முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கட்டியது.

பழைய மொய் என்பது கடன். அதைத் திருப்பித்தான் ஆக வேண்டும், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. புதுநடை கடன் இல்லை, கையில் இருந்தால் போடுவது. வட்டிக்கு வாங்கிப் புதுநடை போடாதீர்கள். இந்த ஒன்றை நிறுத்தினாலே அடுத்த ஆடியின் பாரம் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன்.

இப்போது தாய்மாமன் சீர். ஒன்றரை லட்சம் என்றால் சுமார் 2,200 வெள்ளி. கட்டணம் பிடித்தம் போக அவ்வளவு கைக்கு வர 2,450 வெள்ளி கடன் எழுத வேண்டும். வருஷ வருமானம் 10,000 வெள்ளிக்கு மேல் 20,000-க்குள் இருக்கிற வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, எல்லா மணிலெண்டர்களிடமும் சேர்த்து மொத்த வரம்பே 3,000 வெள்ளி. உங்கள் வருமானம் 17,400. பழைய கடனில் இன்னும் 1,060 வெள்ளி அசல் நிற்கிறது. அதனால் லைசென்ஸ் கடையில் 2,450 கிடைக்காது. கிடைக்காதது உங்களுக்கு நல்லது. எனக்குப் பயமெல்லாம் அதற்கடுத்த வாரத்தைப் பற்றித்தான். வாட்ஸாப்பில் 'உடனடிக் கடன்' என்று ஒருவர் வருவார். லைசென்ஸ் உள்ளவர்கள் மெசேஜ் அனுப்பியோ போன் செய்தோ ஆள் பிடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே மெசேஜ் வந்தாலே அது கள்ளக்கடன் அல்லது மோசடி. முன்பணம் கட்டச் சொல்வார்கள், பெர்மிட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள், ஏடிஎம் கார்டைக் கேட்பார்கள். கார்டைக் கொடுத்து, அது கள்ளக்கடன் பணம் போக வர உதவியாக இருந்தால் உங்கள் மேலேயே வழக்கு வரும், பெர்மிட்டும் போகும். அதற்கப்புறம் சீரும் இல்லை, சம்பளமும் இல்லை.

ஆகவே அத்தானிடம் பேசாதீர்கள். அக்காவிடம் பேசுங்கள். தவணை 381.50 என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தம்பி எவ்வளவு வட்டி கட்டுகிறான் என்று தெரிந்த பிறகும் ஒன்றரை லட்சம் கேட்கிற அக்காக்கள் குறைவு. தெரியாததால்தான் கேட்கிறார்கள், நீங்கள் சொல்லாததால்தான் தெரியவில்லை. காதுகுத்தை வைகாசிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். மீதி மூன்று தவணையும் மார்கழியோடு முடிகிறது. தை, மாசி, பங்குனி, சித்திரை நான்கு சம்பளத்திலும் 380 வீதம் எடுத்துவைத்தால் 1,520 வெள்ளி, ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். மாமன் கடன்படாமல் கொண்டுவருகிற ஒரு லட்சத்துச் சீர், தட்டில் வைத்துப் பார்த்தால் சின்னதாகத் தெரியாது.

தை மாதம்தான் என்று குலதெய்வக் கோயிலில் நாள் குறித்துவிட்டார்களா? அப்படியானால் 50,000 ரூபாய்க்கு மட்டும் உங்கள் மனைவி சம்மதித்தால், அவர் பெயரில் ஊர் வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். வருஷத்துக்கு 9, 10 சதவீதம் என்றாலும் மாத வட்டி 420 ரூபாய்க்கு மேல் போகாது. தை, மாசி சம்பளத்து 380-களை வைத்து இரண்டே மாதத்தில் மீட்டுவிடலாம். கடன் என்றாலே ஆகாது என்று சொல்கிறவன் இல்லை நான். ஏழு வட்டிக்கும் முக்கால் வட்டிக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் இந்த ஒரு தடவைதான், அந்த நகையை மறுபடி அடகுக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

வைகாசிச் சம்பளத்திலிருந்து அந்த 380-ஐ வீட்டுக்கு அனுப்பும் பணத்தோடு கலக்காமல் உங்கள் சிங்கப்பூர் வங்கிக் கணக்கிலேயே விட்டுவையுங்கள். வைகாசி, ஆனி இரண்டு மாதத்தில் 760 வெள்ளி, அதாவது 51,000 ரூபாய் சேரும். ஆடிக்கு வருகிற பழைய மொய்க்கு அதுதான் பணம். போதவில்லை என்றால் சிலருக்கு ஆவணியில் செய்கிறேன் என்று அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். ஊரில் அது நடக்காததா?

மறுபடியும் கடன் கடைக்கு நடந்துவிடுவோமோ என்று உங்களுக்கே பயமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பூரில் மணிலெண்டர் கடன்களைப் பதிந்துவைக்கிற ஒரு பதிவகம் உண்டு. "எனக்குக் கடன் கொடுக்காதீர்கள்" என்று உங்கள் பெயரை நீங்களே அங்கே பதிந்துகொள்ளலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கடைசித் தவணை கட்டிய அன்றைக்கே செய்துவிடுங்கள்.

டிஜிட்டல் தங்கம் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். இப்போது எல்லா ஆப்பிலும் அதுதான் மின்னுகிறது. அது தன் கண்காணிப்புக்குள் வரவில்லை என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே எச்சரித்தது. வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு வித்தியாசம், இரண்டும் போன பிறகுதான் லாபக் கணக்கே தொடங்கும். ஏழு வட்டி கட்டிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அந்தக் கடனை அடைப்பதைவிட நல்ல முதலீடு எந்த ஆப்பிலும் இல்லை. ரூமில் இருக்கும் பையனிடமும் சொல்லுங்கள், அவருக்கும் தவணை ஓடிக்கொண்டிருக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டெக்காவுக்குக் கிளம்புமுன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, நோட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஆடியில் செய்த எட்டு மொய்யிலும் பழையது எவ்வளவு, புதுநடை எவ்வளவு, அடுத்த ஆடிக்குத் திருப்ப வேண்டிய பழைய மொய் எவ்வளவு என்று தனித்தனியாகக் கூட்டி எனக்கு எழுதுங்கள். 51,000 போதுமா என்று அப்போது சரியாகச் சொல்கிறேன்.